அணைத் தண்ணீர் ஏன் பச்சையாகிறது?

2014 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டொலிடோ நகரத்து மக்களுக்கு அதிகாலையில் ஓர் அறிவிப்பு போனது. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். காய்ச்சியும் குடிக்காதீர்கள், காய்ச்சினால் இன்னும் மோசமாகும்.

தண்ணீர் மேல் சந்தேகம் வந்தால் நாம் முதலில் செய்வதே காய்ச்சுவதுதான். கிருமியாக இருந்தால் அது சரி. டொலிடோவில் தண்ணீருக்குள் இருந்தது கிருமியல்ல, ஒரு நஞ்சு. கொதிக்கும் தண்ணீரிலும் அது சிதையாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, பாத்திரத்தில் மிஞ்சுவதில் நஞ்சின் அடர்த்திதான் கூடும். 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மூன்று நாள் பாட்டில் தண்ணீரை நம்பி இருந்தார்கள். கடைகளில் அதுவும் தீர்ந்துபோனது. நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஈரி ஏரியின் மேற்கு மூலை அப்போது கெட்டிப் பச்சையாக இருந்தது. அந்தப் பச்சை சுரந்த நஞ்சு சுத்திகரிப்பு நிலையத்தையும் தாண்டிக் குழாய்க்குள் வந்துவிட்டது.

இத்தனைக்கும் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரிகளில் ஒன்று அது. அங்கேயே இப்படி என்றால், நம் ஊர் அணைகளையும் ஏரிகளையும் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. அந்தப் பச்சை என்ன, எதைத் தின்று வளர்கிறது, அதைக் கொன்றால் பிரச்சினை தீருமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எல்லாப் பச்சையும் ஒன்றல்ல

படித்துறைக் கல்லில் கால் வழுக்குவதும், கிணற்றுச் சுவரில் படிவதும், குட்டையில் நூல் நூலாக மிதப்பதும், தண்ணீரையே பச்சையாக்குவதும் வேறு வேறு உயிர்கள். இவற்றில் பெரும்பாலானவை யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. பாசி இல்லாவிட்டால் மீன் குஞ்சுக்கும் சோறில்லை.

அணைகளில் தொல்லை கொடுப்பது பெரும்பாலும் நீலப்பச்சைப்பாசி. பெயர்தான் பாசி, உண்மையில் அது பாக்டீரியா வகை. அறிவியலில் சயனோபாக்டீரியா என்பார்கள். வெயிலை வைத்துச் சமைத்துக்கொள்ளும் பாக்டீரியா இது. 200 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பூமியின் காற்றில் ஆக்சிஜனைச் சேர்க்க ஆரம்பித்ததே இதன் மூதாதையர்கள்தான். நெல் வயலில் விடும் அசோலாவின் இலைக்குள் குடியிருந்து, காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்துக் கொடுப்பதும் ஒரு நீலப்பச்சைப்பாசி. சத்து மாத்திரை என்று விற்கிறார்களே சுருள்பாசி, அதுவும் இந்தக் குடும்பம்தான். ஆகவே குடும்பத்தையே திட்டுவதில் பொருளில்லை. மைக்ரோசிஸ்டிஸ் போன்ற சில உறுப்பினர்கள்தான் ஆள் சரியில்லை.

மைக்ரோசிஸ்டிஸிடம் ஒரு சாமர்த்தியம் உண்டு. அதன் செல்லுக்குள் நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. காற்றடிக்காத நாளில் அவற்றின் உதவியால் மேலே மிதந்து வந்து வெயிலைப் பிடித்துக்கொள்ளும். கீழே உள்ள மற்றப் பாசிகளுக்கு வெளிச்சம் கிடைக்காது. பிறகு காற்று கிளம்பினால், மேலே மிதக்கும் படலம் முழுவதையும் ஒரே கரைக்குத் தள்ளிவிடும். அணை நடுவில் லேசான பச்சையாகத் தெரிவது காற்று ஒதுக்கிய மூலையில் கூழாகத் திரண்டு கிடப்பது இதனால்தான். மாடு தண்ணீர் குடிக்க இறங்குவதும் அந்தக் கரையில்தான்.

எந்தப் பச்சை என்று தோராயமாகத் தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு, ஒரு கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகம் தண்ணீர் பிடித்து மூடி, ஓர் இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். பச்சையெல்லாம் அடியில் படிந்திருந்தால் அது அநேகமாகச் சாதாரணப் பாசி. மேலே வளையம் கட்டி மிதந்தால் நீலப்பச்சைப்பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு குச்சியை விட்டு எடுத்தும் பார்க்கலாம். நூல் நூலாகக் குச்சியில் தொங்கினால் இழைப்பாசி. சாயம் பூசியதுபோலக் குச்சி முழுக்க ஒட்டினால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் நஞ்சு இருக்கிறதா இல்லையா என்று எந்த ஜாடியும் எந்தக் குச்சியும் சொல்லாது. ஒரே இனத்தில் நஞ்சு சுரப்பதும் உண்டு, சுரக்காததும் உண்டு. அதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும்.

எதைத் தின்று வளர்கிறது

தெளிந்த தண்ணீரிலும் பாசி கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அது பெருகித் தண்ணீரை மூடுவதற்கு வெளிச்சம், வெதுவெதுப்பு, அசையாத தண்ணீர், சாப்பாடு என நாலும் ஒன்றுசேர வேண்டும். முதல் இரண்டும் நம் நாட்டில் ஆண்டு முழுக்கக் கிடைக்கும். அவற்றை யாராலும் நிறுத்த முடியாது. மீதி இரண்டில்தான் மனிதர் கை இருக்கிறது.

சாப்பாட்டிலிருந்து ஆரம்பிப்போம். பாசி வளர கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் முக்கியம். நம் விவசாயிகள் நைட்ரஜனைத் தழைச்சத்து என்றும் பாஸ்பரஸை மணிச்சத்து என்றும் சொல்வார்கள். நீரில் மிதக்கும் பாசியில் சராசரியாக 106 கார்பன் அணுவுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ் என்ற விகிதம் இருக்கும். மூன்றில் மிகக் குறைவாகத் தேவைப்படுவது பாஸ்பரஸ். இயற்கையான ஏரியில் மிகக் குறைவாகக் கிடைப்பதும் அதுதான். வீட்டில் அரிசி மூட்டை மூட்டையாக இருந்தாலும் உளுந்து ஒரு படிதான் என்றால், அந்த ஒரு படிக்குத் தக்க மாவுதானே ஆட்ட முடியும்? ஏரியில் உளுந்து பாஸ்பரஸ்.

இது இன்று எளிதாகச் சொல்லும் விஷயம். 1960-களில் இதன்மேல் பெரிய சண்டையே நடந்தது. சலவைத்தூளில் பாஸ்பேட் தாராளமாகச் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஏரிகள் பச்சையானதற்குக் காரணம் கார்பன்தான், பாஸ்பேட் இல்லை என்று ஒரு தரப்பு அடித்துப் பேசியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆள் நடமாட்டமில்லாத சிறு ஏரிகளை ஆய்வுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். அங்கே டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும் வாதத்தை ஏரியிலேயே வைத்துத் தீர்த்தார்கள்.

226 என்று எண் கொடுத்த ஒரு சிறு ஏரி. நடுவில் இடுப்பு மாதிரி குறுகி, இரண்டு பாகமாக இருந்தது. 1973-ல் அந்த இடுப்பில் ஒரு நெகிழித் திரையைக் கட்டி ஏரியை இரண்டாக மறித்தார்கள். இரண்டு பக்கமும் கார்பனுக்காகச் சர்க்கரையும், கூடவே நைட்ரஜனும் போட்டார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கூடுதலாகக் கொஞ்சம் பாஸ்பேட். அந்தக் கோடையிலேயே பாஸ்பேட் போட்ட பக்கம் பச்சையாக மாறியது. மறுபக்கம் தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த படத்தில் திரைக்கு இந்தப் பக்கம் கருந்தண்ணீர், அந்தப் பக்கம் பச்சை. சூழலியல் பாடப்புத்தகங்களில் அதிகம் அச்சான படங்களில் அதுவும் ஒன்று. சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றவர்களுக்குக் கட்டுரைகளை எல்லாம் விட அந்த ஒரு படம்தான் கைகொடுத்தது.

நைட்ரஜனைக் குறைத்தால் போதாதா என்று கேட்கலாம். நீலப்பச்சைப்பாசிகளில் சில, தண்ணீரில் நைட்ரஜன் குறைந்தால் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அசோலாவுக்குள் இருப்பது செய்யும் அதே வேலை. பாஸ்பரஸைக் காற்றிலிருந்து எடுக்க எந்தப் பாசியாலும் முடியாது. நைட்ரஜனுக்கும் பங்குண்டு, இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும் என்று வாதாடுகிற விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். இருந்தாலும் ஏரிகளிலும் அணைகளிலும் முதலில் கை வைக்க வேண்டிய இடம் பாஸ்பரஸ் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

எவ்வளவு பாஸ்பரஸ் வந்தால் ஏரி கெடும்? இங்கேதான் கணக்கு மிரட்டுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 0.03 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே பாசி பெருக அது போதும். ஒரு மனிதர் ஒரு நாளில் கழிப்பது ஏறக்குறைய ஒன்றரை கிராம், அதில் பெரும்பங்கு சிறுநீரில். வகுத்துப் பாருங்கள். ஒருவருடைய ஒரு நாள் கழிவு 50,000 லிட்டர் சுத்தத் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகும். பெரிய தண்ணீர் லாரியில் நாலு லாரி. ஒரு நகரமே சேர்ந்தால் என்னவாகும் என்று சொல்லவே வேண்டாம்.

சாக்கடையைச் சுத்திகரித்துத்தானே விடுகிறார்கள் என்றால், அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையம் அழுகும் பொருளை நீக்கும், நாற்றத்தைக் குறைக்கும். பாஸ்பரஸில் ஒரு பகுதியைத்தான் எடுக்கும். மீதியையும் எடுக்க வேண்டுமென்றால் இரும்பு உப்போ படிகாரமோ சேர்த்துப் படியவைக்கும் கட்டமோ, அதற்கென்றே வடிவமைத்த நுண்ணுயிர் முறையோ தனியாக வேண்டும். அது இல்லாத நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும். பாசிக்கு மட்டும் விருந்து.

அப்புறம் உரம். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் சுமார் 10 கிலோ பாஸ்பரஸ். அத்தனையும் ஆற்றுக்குப் போவதில்லை. மணிச்சத்து மண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும் குணம் உள்ளது. ஆனால் முதல் பெருமழையில் மேல்மண் அரித்துக்கொண்டு போகும்போது, மண்ணோடு சேர்ந்து அதுவும் போகும். உரம் போட்ட மறுநாளே மழை கொட்டினால் கரைந்தும் போகும்.

ஓடும் தண்ணீரும் நிற்கும் தண்ணீரும்

ஒரே கழிவுநீர் ஆற்றில் ஒரு முகம் காட்டும், அணையில் இன்னொரு முகம். இதைப் பார்க்கத் தென்பெண்ணையை விடப் பொருத்தமான ஆறு இல்லை. நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூருவின் கிழக்கு ஓரத்தைத் தொட்டு, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் நகரக் கழிவையும் வாங்கிக்கொண்டு, ஓசூர் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, அப்புறம் சாத்தனூர் அணை.

கெலவரப்பள்ளியில் ஷட்டரைத் திறந்ததும் வெள்ளை நுரை ஆள் உயரத்துக்குப் பொங்கி நிற்கும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சோப்பும் சலவைத்தூளும் கலந்த தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து அடிபடுவதால் வருவது அது. கேமராக்கள் வந்துவிடும், செய்தி ஆகிவிடும். அதே தண்ணீர் ஓரிடத்தில் நின்று வெயில் காய்ந்தால் நுரை இருக்காது, பச்சை வரும். நுரை இரண்டு நாளில் அடங்கும், பச்சை மாதக்கணக்கில் நிற்கும். நுரைக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்வாசிகூட அதற்குக் கிடைப்பதில்லை என்பது என் வருத்தம்.

பெங்களூருவின் இன்னொரு பகுதிக் கழிவு விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்குப் போய், மேகதாது அருகே காவிரியில் சேர்கிறது. காவிரியிலிருந்து குழாயில் ஏற்றிய தண்ணீரில் ஒரு பங்கு, குளித்துத் துவைத்துக் கழுவிய பிறகு மறுபடி காவிரிக்கே வருகிறது. அதன் வழியில் அடுத்த பெரிய நிறுத்தம் மேட்டூர் அணை.

1934-ல் கட்டி முடித்த அந்த அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடி பக்கம் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். வெளிப்படும் வண்டல் நிலத்தில் சுற்றுவட்டார விவசாயிகள் சோளம், ராகி, நிலக்கடலை என்று போடுவார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி வரும்போது தட்டையும் வேரும் மிச்ச உரமும் அப்படியே மூழ்கும். அழுகும். பிறகு காற்று விழுந்த நாட்களில் கரையோரம் பச்சைப் படலமும் நாற்றமும் வரும். சில ஆண்டுகளில் படகில் போய் நுண்ணுயிர்க் கரைசல் தெளித்துப் பார்த்தார்கள். இதில் பழியை விவசாயிகள் மேல் மட்டும் போட்டுவிட்டுப் போவது சுலபம். மேலே ஒரு பெருநகரமும் ஆற்றோரத்து ஊர்கள் அத்தனையும் சேர்ந்து நாள் தவறாமல் அனுப்புவதை மறந்துவிட்டுச் சோளத்தட்டையைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

நிற்கும் தண்ணீரில் இன்னொன்றும் நடக்கும். கோடையில் மேல் தண்ணீர் சூடாகி லேசாகும். கீழ்த் தண்ணீர் குளிர்ச்சியாக, கனமாக அடியிலேயே கிடக்கும். இரண்டும் கலக்காது. கீழே இருக்கும் ஆக்சிஜனைச் சேற்று நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். சேற்றில் இரும்போடு ஒட்டிக்கிடக்கும் பாஸ்பரஸ், ஆக்சிஜன் உள்ளவரை அசையாது. ஆக்சிஜன் தீர்ந்ததும் பிடி விட்டுத் தண்ணீரில் கரைந்துவிடும். 20 ஆண்டுக்கு முன் படிந்ததும் இப்படி எழுந்து வரும். ஓர் ஏரிக்குள் சாக்கடை வருவதை இன்றே நிறுத்தினாலும் நாளையே தெளியாததற்குக் காரணம் இதுதான்.

ஆறு ஓடிக்கொண்டிருந்தால் பாசிக்குப் பெருக நேரம் கிடைக்காது. ஓட்டம் நின்றால் ஆறும் குளம்தான். ஆஸ்திரேலியாவில் டார்லிங் ஆறு 1991 கடைசியில் வறட்சியில் தேங்கியபோது, 1,000 கிலோமீட்டருக்கும் மேல் நீலப்பச்சைப்பாசி படர்ந்தது. நியூ சவுத் வேல்ஸ் அரசு நெருக்கடி நிலை அறிவிக்க வேண்டி வந்தது.

மதியம் ஒரு தண்ணீர், விடிகாலை ஒரு தண்ணீர்

பச்சைத் தண்ணீரில் மீன் ஏன் சாகிறது என்று கேட்டால் பலரும் நஞ்சு என்பார்கள். பெரும்பாலும் காரணம் அதைவிடச் சாதாரணமானது. மூச்சுத் திணறல்.

பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும். மதியம் இரண்டு மணிக்குப் போய் அளந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் ததும்பும். இருட்டியதும் உற்பத்தி நின்றுவிடும், ஆனால் மூச்சு நிற்காது. பாசி, மீன், சேற்று நுண்ணுயிர் என எல்லோரும் இரவு முழுக்க இருப்பதைத் தின்பார்கள். விடிவதற்குச் சற்று முன்பு கையிருப்பு அடிமட்டத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். மீன் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காட்சி நன்றாகத் தெரியும், உடனே ஏரேட்டரைப் போட ஓடுவார்கள். அணையில் யார் ஓடுவது?

பகலில் பாசி தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சிவிடுவதால் தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 9-ஐத் தாண்டி ஏறும். பி.எச். ஏறினால் தண்ணீரில் உள்ள அம்மோனியா மீனுக்கு அதிகம் விஷமாகும் வடிவத்துக்கு மாறும். மீனுக்கு இரவிலும் நிம்மதியில்லை, பகலிலும் இல்லை.

இதைவிடப் பெரிய அடி, பாசி மொத்தமாகச் சாகும்போது விழும். செத்த பாசி அழுக ஆக்சிஜன் வேண்டும். டார்லிங் ஆற்றின் மெனின்டீ பகுதியில் 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை லட்சக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. வறட்சியில் ஓட்டம் நின்றுபோயிருந்தது, வெயிலில் தண்ணீர் மேல் அடுக்கு, கீழ் அடுக்கு என்று பிரிந்து கிடந்தது, மேலே பாசி. திடீரென்று வெப்பம் இறங்கியதும் அடுக்குகள் கலந்தன. அடியில் இருந்த ஆக்சிஜனற்ற தண்ணீர் ஆறு முழுக்கப் பரவியது. வயது முதிர்ந்த பெரிய மர்ரே காட் மீன்களையும் மனிதர்கள் கையில் ஏந்தி நின்ற படங்கள் அப்போது உலகம் முழுக்கப் பரவின.

பச்சையைக் கொன்றால் சரியாகுமா

நஞ்சுக்கு வருவோம். மைக்ரோசிஸ்டிஸ் சுரக்கும் மைக்ரோசிஸ்டின் கல்லீரலைத் தாக்கும். குடிநீரில் இது லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த வழிகாட்டு அளவு. டொலிடோவில் தாண்டியது அந்தக் கோட்டைத்தான். இது புதிய செய்தியும் அல்ல. ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் பச்சைத் தண்ணீரைக் குடித்த ஆடுமாடுகள் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 1878-லேயே எழுதி வைத்திருக்கிறார். மனிதர்களுக்கு வந்த மிகக் கொடிய பாதிப்பு 1996-ல் பிரேசிலின் கருவாரு நகரில். பாசி பெருகிய நீர்த்தேக்கத்துத் தண்ணீர் சரியாகச் சுத்திகரிக்கப்படாமல் டயாலிசிஸ் இயந்திரங்களுக்குப் போனது. டயாலிசிஸில் தண்ணீருக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வுதான். கல்லீரல் செயலிழந்து 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள்.

வாசனையை வைத்து நஞ்சைக் கண்டுபிடிக்க முடியாது. பாசிக் காலத்தில் குழாய்த் தண்ணீரில் சில சமயம் வரும் மண்வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். முதல் மழையில் எழும் மண்வாசனையும் அதனால்தான். நம் மூக்கு அதை லிட்டருக்கு ஒரு கிராமின் 10 கோடியில் ஒரு பங்கு இருந்தாலே பிடித்துவிடும். அது நஞ்சல்ல. வாடை இருந்து நஞ்சு இல்லாமலும் இருக்கலாம், வாடையே இல்லாமல் நஞ்சு இருக்கவும் செய்யலாம்.

இனி, பச்சையைக் கண்டதும் எல்லோருக்கும் தோன்றும் யோசனை. மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட்டைக் கொட்டிக் கொன்றுவிடலாமே? 1979-ல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் அதைத்தான் செய்தார்கள். தீவுக்குக் குடிநீர் தரும் சாலமன் அணையில் பாசி பெருகித் தண்ணீர் நாறியது. மயில்துத்தம் போட்டார்கள். சில நாட்களில் 148 பேர் வாந்தியும் கல்லீரல் வீக்கமுமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், அநேகமாக எல்லோரும் குழந்தைகள். உயிரோடு இருந்தவரை பாசி நஞ்சில் பெரும்பகுதியைத் தன் செல்லுக்குள் வைத்திருந்தது. மயில்துத்தம் செல்லை உடைத்ததும் அது தண்ணீரில் கரைந்து குழாய்க்கு வந்துவிட்டது. என்ன நோய் என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. தீவின் பெயரிலேயே மர்ம நோய் என்று அழைத்தார்கள். பாசிதான் காரணம் என்று பின்னால்தான் தெரிந்தது.

இதனால்தான் பச்சைத் தண்ணீர் வந்தால் சுத்திகரிப்பு நிலையத்தில் முதலில் குளோரினைப் போடாமல், பாசி செல்லை உடையாமல் முழுசாகப் படியவைத்து நீக்கப் பார்ப்பார்கள். பிறகு மிச்ச நஞ்சுக்குக் கரித்தூள், ஓசோன், கடைசியில் குளோரின். பாசி நிறைந்த தண்ணீரில் எடுத்த எடுப்பில் குளோரின் போட்டால் டிரைஹாலோமீத்தேன் போன்ற வேண்டாத துணைப்பொருள்களும் உண்டாகும். பாசி மிதக்கும் மேல்மட்டத்தைத் தவிர்த்து, அணையில் வேறு ஆழத்திலிருந்து தண்ணீர் எடுப்பதும் ஒரு வழி. வீட்டைப் பொறுத்தவரை புற ஊதாக் கதிர் கருவியும் மெழுகுத்திரி வடிவப் பீங்கான் வடிகட்டியும் (கேண்டில் ஃபில்டர்) இந்த நஞ்சுக்குப் பயன்படாது. காய்ச்சுவதைப் பற்றி முதலிலேயே பார்த்துவிட்டோம்.

சரி, நிரந்தரமாகத் தீர்த்த ஊர் ஏதாவது உண்டா? உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தை ஒட்டிய வாஷிங்டன் ஏரிக்குள் 1950-களில் சுற்றியுள்ள ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீர் விழுந்துகொண்டிருந்தது. ஏரி பாசியால் நிறைந்தது. எட்மண்ட்சன் என்ற ஏரியியல் பேராசிரியர் பாஸ்பரஸைக் காட்டி எச்சரித்தார். 1963-லிருந்து 1968-க்குள் அத்தனைக் கழிவுநீரையும் ஏரியிலிருந்து திருப்பிவிட்டார்கள். ஏரிக்குள் எதையும் தெளிக்கவில்லை, கொட்டவில்லை. சில ஆண்டுகளில் தானாகவே தெளிந்தது. ஏரி ஆழமானது, உள்ளே வரும் ஆற்றுத் தண்ணீர் சீக்கிரம் மாறிக்கொண்டே இருப்பது என்ற அதிர்ஷ்டமும் சேர்ந்தது. ஆழமில்லாத, சேறு மண்டிய நம் ஏரிகளுக்கு இன்னும் அதிக காலம் பிடிக்கும்.

டொலிடோவின் ஈரி ஏரிக்கும் ஒரு நல்ல காலம் இருந்தது. 1972-ல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டு, சாக்கடை, சலவைத்தூள் வழியாக வரும் பாஸ்பரஸை வெட்டின. 1980-களில் ஏரி தெளிந்தது. 1990-களின் நடுவிலிருந்து பச்சை மறுபடி தலைகாட்டியது. இந்த முறை மௌமி ஆறு கொண்டுவரும் வயல் தண்ணீரில் கரைந்த பாஸ்பரஸ். குழாயில் வரும் கழிவை அடைப்பதைவிட ஆயிரக்கணக்கான வயல்களில் கசிவதை அடைப்பது பல மடங்கு கஷ்டம். அந்த வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

நம் பக்கம் இன்னும் அளக்கவே சரியாக ஆரம்பிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆற்று நீரை ஏ முதல் இ வரை தரம் பிரிக்கிறது. வழக்கமான சுத்திகரிப்புக்குப் பிறகு குடிக்கலாம் என்ற சி வகுப்புக்கு கோலிஃபார்ம் என்ற பாக்டீரியாக்களின் எண்ணிக்கை, பி.எச்., கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி. (அழுகும் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்) நான்கையும் பார்க்கிறார்கள். பாஸ்பரஸ் அந்தப் பட்டியலிலேயே இல்லை. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது. பச்சை அணையில் மதியம் மாதிரி எடுத்தால் அந்தத் தேர்வில் தண்ணீர் முதல் வகுப்பில் தேறிவிடும். அதே இடத்தில் விடிகாலை ஐந்து மணிக்கு எடுத்தால் தோற்றாலும் தோற்கும்.

ஆகவே நீர்த்தர அறிக்கை ஏதாவது கையில் கிடைத்து, அதில் கரைந்த ஆக்சிஜன் 12 என்று போட்டிருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் பக்கத்துக் கட்டத்தில் மாதிரி எடுத்த நேரத்தையும் பி.எச்.சையும் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் காற்றிலிருந்து இயல்பாக வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் சுமார் 7.5 மில்லிகிராம்தான். நேரம் மதியமாகவும் பி.எச். 9-ஐ ஒட்டியும் இருந்தால், மீதி எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் பாசி.